ஆயுத இயக்கங்கள் உடையும்போது: ஈழத்துப் பிளவுகள் குறித்து

உள்நாட்டுப் போர் என்றதும் நம் மனசிலே இரண்டு தரப்புதான் வருகிறது. ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் அதை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள். செய்தித்தாளும் வானொலியும் அப்படித்தான் நமக்குச் சொல்லி வந்தன. ஆனால் ஏதாவது ஒரு போரைப் பத்துப் பதினைந்து வருஷம் விடாமல் கவனித்தவர்களுக்கு, அந்த இரண்டாவது தரப்பு ஒரே தரப்பாக இருந்த நாட்கள் மிகக் குறைவு என்பது தெரியும். இயக்கம் உடைகிறது, உடைந்தது மறுபடி உடைகிறது, உடைந்த துண்டு ஒன்று நேற்றைய எதிரியோடு போய்ச் சேருகிறது. போர் யாருக்குச் சாதகமாக முடியும், நடுவிலே அகப்பட்ட ஜனங்கள் என்ன ஆவார்கள் என்பதெல்லாம் இதனால் மாறிப்போகிறது.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, ஈழமே போதும். அந்தமானிலே பாராடாங்கில் கடை வைத்திருப்பவனுக்கு ஈழத்து வரலாறு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை நம் காட்சல் தீவின் ரப்பர் தோட்டத்திலே குடியமர்த்தினார்கள் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். தவிரவும், செய்தித்தாள் கப்பலிலே வந்து சேர்ந்த காலத்தில் பாராடாங்கிலே தமிழ்ச் செய்தி என்றால் இரவு பி.பி.சி. தமிழோசைதான். அதிலே பாதி நாள் ஈழம்தான். கேட்டதைத் தேதி போட்டுக் குறித்து வைக்கிற பழக்கம் கடைக்காரனுக்கு உண்டு. பின்னாளில் கிடைத்த புத்தகங்களோடு அதை ஒத்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பட்டது இதுதான்: ஓர் இயக்கம் பிளவுபட்டால் அதன் விளைவு எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பது, பிரிந்து போகிறவன் உயிரோடு போக வழி வைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. கொள்கை வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வியாபாரத்திலே கூட்டு முறிவது புதிதல்ல. இரண்டு பாகஸ்தர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் நாலு பெரியவர்களை வைத்துக் கணக்குப் பார்த்து, சரக்கையும் பாக்கியையும் பிரித்துக்கொண்டு போவார்கள். மனஸ்தாபம் இருக்கும். எதிர்க்கடையே போட்டாலும் போடுவான். ஆனாலும் கப்பல் தாமதமாகிச் சரக்கு தட்டுப்பட்டால் இரண்டு மூட்டை அரிசி கைமாற்றிக்கொள்வார்கள். கணக்கு முடிக்காமல் அடித்துத் துரத்தினால் கதையே வேறு. போகிறவனுக்கு நம் கிடங்கு எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன், எந்த வாடிக்கைக்காரர் மனக்குறையோடு இருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அதை அவன் எங்கே கொண்டுபோவான்? நமக்கு ஆகாதவனிடம்தான். ஆயுத இயக்கத்திலும் இதே கதைதான், கிடங்கு என்பது அங்கே ஆயுதக் கிடங்கு, அவ்வளவுதான்.

தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் 1976 மே மாதம் தொடங்கப்பட்டது. பிரபாகரன் அதன் ராணுவத் தலைவர். நில அளவையாளராக இருந்த உமா மகேஸ்வரன் பிறகு வந்து சேர்ந்து அதன் தலைவர் பொறுப்புக்கு வந்தார். 1980 வாக்கில் இருவரும் பிரிந்தார்கள். உமா மேல் ஒழுக்கக் குற்றச்சாட்டு சொல்லப்பட்டது. உள்ளே இருந்தது யார் சொல் எடுபடும் என்ற தலைமைப் போட்டியும், ஆயுதமா அரசியலா எது முந்தி என்ற கேள்வியும். இயக்கத்தை விட்டு விலகுகிறவர் வேறு இயக்கம் தொடங்கக் கூடாது என்று ஆரம்ப காலத்திலேயே அங்கே விதி இருந்தது. உமா போய்ப் புளொட் இயக்கத்தைத் தொடங்கினார். விதிப்படி அது மரண தண்டனைக்கு உரிய குற்றம். 1982 மே 19 அன்று சென்னைப் பாண்டி பஜாரிலே பட்டப்பகலில் இரண்டு பேரும் சுட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டு ஜனங்கள் பலர் அவர்கள் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டதே அன்றுதான். இருவரும் கைதாகி ஜாமீனிலே வந்தார்கள்.

இதே காலத்திலே இன்னொரு பிளவும் நடந்தது. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. லண்டனில் 1975-இல் உருவான ஈரோஸ் அமைப்பிலிருந்து பத்மநாபா முதலானவர்கள் 1980, 81 வாக்கிலே பிரிந்து ஈ.பி.ஆர்.எல்.எப். என்று தனியாக நின்றார்கள். அங்கேயும் கருத்து வேறுபாடு இருந்தது, கோபமும் இருந்தது. ஆனால் துப்பாக்கிச் சூடு வரை போகவில்லை. பலன் என்ன? 1984-இல் ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எப்., டெலோ மூன்றும் சேர்ந்து ஈழத் தேசிய விடுதலை முன்னணி என்று ஒரே மேடைக்கு வந்தன. மறு வருஷம் ஏப்ரலில் புலிகளும் அதிலே சேர்ந்தார்கள். பிரிந்துபோன பங்காளிகள் மூன்றே வருஷத்தில் பக்கத்திலே பக்கத்திலே உட்கார முடிந்தது. வராதது யார் என்றால் புளொட். பாண்டி பஜார் கணக்கு முடியவில்லையே!

1985 ஜூலை, ஆகஸ்டில் பூட்டான் தலைநகர் திம்புவில் பேச்சுவார்த்தை நடந்தபோது முன்னணியின் நான்கு இயக்கங்களும், புளொட்டும், தமிழர் விடுதலைக் கூட்டணியும் சேர்ந்து நான்கு கோட்பாடுகளை ஒரே குரலில் வைத்தன. தமிழர் தரப்பு உண்மையிலேயே ஒரே தரப்பாகத் தெரிந்தது அந்தச் சில வாரங்கள்தான் என்று சொல்லலாம். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

1986 வசந்தத்திலே டெலோவுக்குள் தாஸ் கோஷ்டி, பொபி கோஷ்டி என்று பிளவு. மார்ச் மாதம் தாஸ் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். சொந்த இயக்கத்தார் கையாலேதான். தாஸின் ஆட்கள் மனம் விட்டு ஒதுங்கிப் போனார்கள். இந்த நேரம் பார்த்து ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோவின் முகாம்களைத் தாக்கினார்கள். மே முதல் வாரத்திலே தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் செத்தார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. செத்தவர்களும் சாகடித்தவர்களும் மூன்று வருஷத்துக்கு முன்பு, 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்டு வயிறு எரிந்து ஒரே படகிலே தமிழ்நாட்டுக்கு வந்த பையன்கள். அவர்களில் பலருக்கு எந்த இயக்கத்திலே சேர்ந்தோம் என்பது எந்தப் படகு முதலில் கிடைத்தது என்பதாலே முடிவானது.

அதே வருஷக் கடைசியில் புளொட் ஒதுங்கிக்கொண்டது. டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எப். அடிபட்டது. ஈரோஸ் மட்டும் தப்பியது. அதுவும் 1990-இல் பாலகுமார் தலைமையில் புலிகளோடு கரைந்துபோனது.

கணக்குப்படி பார்த்தால் புலிகளுக்கு இது லாபம்தான். போட்டி இயக்கங்கள் இல்லை, வரி வாங்குவது ஒரே கை, கட்டளை ஒரே வாய். 1987-க்குப் பிறகு இந்திய ராணுவத்தையே எதிர்த்து நின்றதற்கு அந்த ஒருமுகப்பாடும் ஒரு காரணம். பிளவும் சகோதரக் கொலையும் இயக்கத்தை எப்போதும் பலவீனப்படுத்தும் என்று சிலர் எழுதுகிறார்கள். உடனடி விளைவைப் பார்த்தால் அப்படி இல்லை.

ஆனால் தப்பிப் பிழைத்தவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் ஈ.பி.ஆர்.எல்.எப்., டெலோ ஆட்கள் இந்திய ராணுவத்தின் நிழலிலே திரும்பி வந்தார்கள். 1988 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு வரதராஜப் பெருமாள் வடகிழக்கு மாகாண முதலமைச்சரானார். தமிழ் தேசிய ராணுவம் என்று ஒன்றைத் திரட்டுகிறோம் என்று 1989-இல் ஊர் ஊராகப் பையன்களை வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். இந்திய ராணுவம் 1990 மார்ச்சில் கப்பல் ஏறியது. பிடிக்கப்பட்ட பையன்களை ஏற்றிக்கொள்ள எந்தக் கப்பலும் வரவில்லை. புலிகளிடம் சிக்கினார்கள். பத்மநாபா 1990 ஜூன் 19 அன்று சென்னையிலே சகாக்களோடு கொல்லப்பட்டார். அதற்கு மேல் மிச்சப்பட்டவர்களுக்கு இந்தியாவும் இல்லை. வவுனியாவில் புளொட், மட்டக்களப்பிலே ராசிக் குழு, யாழ்ப்பாணத் தீவுகளிலே ஈ.பி.ஆர்.எல்.எப்.பிலிருந்து பிரிந்த டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. என்று, தனி நாடு கேட்டு வீட்டை விட்டுப் போனவர்கள் இலங்கை ராணுவ முகாமின் வாசலிலே காவல் நின்றார்கள். துரோகி என்று ஒரே வார்த்தையிலே இவர்களை முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். காசுக்குப் போனவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு திறந்திருந்த கதவு அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

பால் ஸ்டானிலண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதையே இலங்கையையும் காஷ்மீரையும் வைத்து எழுதியிருக்கிறார். காஷ்மீரிலே ஹிஸ்புல் முஜாகிதீன் மற்ற குழுக்களை அடித்து நொறுக்கியபோது, அடிபட்டவர்கள் குக்கா பரே போன்றவர்கள் தலைமையில் அரசாங்கப் பக்கம் சாய்ந்து இக்வான் என்ற துணைப்படையாக ஆனார்கள். கொள்கை மாறியதால் அவர்கள் பக்கம் மாறவில்லை, உயிருக்குப் பயந்து மாறினார்கள் என்பது அவர் வாதம்.

புளொட்டின் கதி தனிக்கதை. புலிகளின் கண்டிப்பை எதிர்த்துப் பிரிந்த உமாவே தன் இயக்கத்துக்குள் அதைவிடக் கண்டிப்பாகிவிட்டார். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கத்து முகாம்களிலே சந்தேகத்தின் பேரில் சொந்தப் பையன்களையே சித்திரவதை செய்து புதைத்தார்கள். 1985-இல் வெளியேறிய சிலர் தீப்பொறி என்ற பெயரில் இயங்கினார்கள். அவர்களில் ஒருவரான கோவிந்தன் அந்த அனுபவத்தை வைத்து எழுதிய ‘புதியதோர் உலகம்’ நாவல் அந்த வருஷமே வந்தது. போகிறவன் புத்தகம் எழுதினான் என்றால் இயக்கத்துக்கு அது சின்ன நஷ்டம். மற்றவர்கள் எழுதவில்லை. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவிலே ஆட்சியைப் பிடிக்கக் கூலிக்குப் போன எண்பது பேர் போல புளொட் ஆட்கள்தான்; ஒரே இரவிலே இந்தியப் படை போய் இறங்கி முடித்துவிட்டது. எட்டு மாதம் கழித்து, 1989 ஜூலையில் உமா மகேஸ்வரன் கொழும்பிலே செத்துக் கிடந்தார். சுட்டது அவருடைய சொந்த ஆட்கள்.

புலிகளுக்குள்ளும் 1993-இல் துணைத் தலைவர் மாத்தையா கைதானார். இந்திய உளவுத்துறையோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. 1994 டிசம்பரில் மரண தண்டனை. அவரைச் சேர்ந்தவர்கள் பலருக்கும் அதே முடிவு. குற்றம் உண்மையோ பொய்யோ, உள்ளே இருந்த ஒவ்வொரு தளபதியும் அன்று ஒரு பாடம் படித்திருப்பான்: தலைமையோடு முரண்பாடு வந்தால் பேசிப் பிரயோஜனமில்லை, முந்திக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கருணா நடந்துகொண்ட விதத்துக்கு இந்தப் பாடத்தைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் போகுமுன் நம் பக்கத்து வீட்டுக் கதை ஒன்று. பாராடாங்கிலிருந்து வடக்கே அந்தமான் டிரங்க் ரோட்டிலே போனால் மாயாபந்தர். அங்கே வெபி முதலான ஊர்களிலே 1925 முதல் வாழும் கரேன் மக்களை நம்மவர்கள் அறிவார்கள். மரவேலையிலும் படகு விடுவதிலும் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய இனத்தார் பர்மாவிலே 1949 முதல் அரசை எதிர்த்துப் போராடினார்கள். கரேன் தேசிய யூனியனின் தலைமை பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், முன்வரிசையிலே துப்பாக்கி பிடித்தவர்களில் பெருந்தொகை பௌத்தர்கள். மேலே ஒரு சாரார், கீழே ஒரு சாரார் என்ற மனக்குறை வெகுநாளாக இருந்தது. பிக்கு ஒருவர் பகோடா கட்டுவதைப் பற்றிய தகராறிலே அது வெடித்தது. 1994 டிசம்பரில் பௌத்தச் சிப்பாய்கள் தனியாகப் பிரிந்தார்கள், பர்மிய ராணுவம் கைகொடுத்தது. பல வருஷம் பிடிக்க முடியாமல் இருந்த தலைமையகம் மானர்பிளாவ், பிரிந்தவர்கள் வழிகாட்ட, 1995 ஜனவரி 27 அன்று விழுந்தது. இரண்டே மாதம்! அப்புறம் அந்தப் பௌத்தப் படை, எல்லை தாண்டித் தாய்லாந்து முகாமிலே இருந்த சொந்த இனத்து அகதிகளையே தாக்கியது.

இதை ஏன் சொன்னேன் என்றால், தலைவர்கள் சண்டையால் வருகிற பிளவு ஒரு ரகம். ஊர், மதம், பிரதேசம் என்று ஏற்கெனவே கீறல் விட்ட இடத்திலே வருகிற பிளவு இன்னொரு ரகம். முதலாவதிலே ஆட்கள் போகிறார்கள். இரண்டாவதிலே ஆட்களோடு நிலமும் போகிறது.

2004 மார்ச் 3 அன்று புலிகளின் மட்டக்களப்பு, அம்பாறை தளபதி கருணா, அதாவது விநாயகமூர்த்தி முரளிதரன், வன்னித் தலைமையிலிருந்து தனித்து இயங்கப்போவதாக அறிவித்தார். சில நாளில் அவரை நீக்கிவிட்டதாக வன்னி அறிவித்தது. வடக்குக்கு இன்னும் ஆயிரம் பேரை அனுப்பச் சொன்னார்கள், சாவது கிழக்குப் பிள்ளைகள், நிர்வாகப் பதவிகள் எல்லாம் வடக்கத்தியாருக்கு என்பது அவர் சொன்னது. பணக் கையாடலுக்குக் கணக்கு கேட்டதும் பிரதேசவாதம் பேசுகிறார் என்பது இவர்கள் சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். வன்னியில் ஜெயசிக்குறு போர் நடந்தபோது கிழக்கிலிருந்து போன ஜெயந்தன் படையணி அங்கே கொடுத்த உயிர்கள் கொஞ்சமல்ல. அந்தத் தாய்மார்களின் மனக்குறை கருணா உண்டாக்கியது அல்ல. அவர் அதைத் தன் தேவைக்கு எடுத்துப் பயன்படுத்தினார்.

தன்னோடு தனியாக ஒரு யுத்த நிறுத்த ஒப்பந்தம் போட வேண்டும் என்று கருணா கேட்டார். 2002 ஒப்பந்தத்திலே மூன்றாவது கையெழுத்துக்கு இடமில்லை. இது புலிகளின் உள்விவகாரம் என்று நார்வேயும் கொழும்பும் ஒதுங்கிக்கொண்டன. ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை, வன்னிப் படைகள் வெருகல் ஆற்றைத் தாண்டின. ஒரே இயக்கத்திலே, ஒரே சீருடையிலே, பல பேர் ஒரே போர்முனையிலே ஒன்றாக நின்றவர்கள் எதிரெதிரே நின்றார்கள். சில நாளிலேயே கருணா படையைக் கலைத்துவிட்டுக் கொழும்புக்குப் போயிட்டார். இனிமேல் வீட்டுக்குப் போங்கள் என்று விடப்பட்டவர்களில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் ஏராளம். பெற்றோர்கள் முகாம் வாசலுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. சில மாதத்திலே புலிகள் அதே பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். 2006-இலே கருணா குழு, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே பையன்களைக் கடத்தியது. ஐ.நா. சார்பில் 2006 நவம்பரில் வந்த ஆலன் ராக், பாதுகாப்புப் படையில் சிலருக்கு இதிலே பங்கு உண்டு என்றே சொன்னார். ஒரு பிள்ளையை இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடினால் அந்தத் தாய் எங்கே போவாள்? பிளவைப் பற்றி எழுதுகிறவர்கள் படைபலம், ஆயுதபலம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் குறைவு.

போருக்கு இதனால் என்ன ஆயிற்று? 1995 கடைசியிலே ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போனபோது கிழக்கிலே பல முகாம்களைக் காலி செய்துகொண்டு போக வேண்டி வந்தது. அந்த இடமெல்லாம் உடனே புலிகள் கைக்குப் போனது. வடக்கிலே அடித்தால் கிழக்கிலே இழக்க வேண்டும், கிழக்கைக் காத்தால் வடக்கிலே ஆள் போதாது என்பதுதான் கொழும்புக்கு வெகுகாலம் இருந்த தலைவலி. கருணா பிரிந்த பிறகு அந்தத் தலைவலி போய்விட்டது. 2006 ஜூலையில் மாவிலாறு மதகு விவகாரத்திலே சண்டை தொடங்கியது. 2007 ஜனவரியில் வாகரை, ஜூலையில் தொப்பிகலை எனப்படும் குடும்பிமலை. ஒரு வருஷத்துக்குள் கிழக்கு முழுவதும் போனது. காட்டுப் பாதையும் மறைவிடமும் தெரிந்தவர்கள் மறுபக்கம் இருந்தார்கள். கிழக்கிலிருந்து புதிதாக ஆள் சேர்ப்பதும் நின்றுபோனது. அதற்குப் பின் ராணுவம் தன் முழுப் பலத்தையும் வன்னிப் பக்கம் திருப்பியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால்.

கருணா போனதாலேதான் புலிகள் தோற்றார்கள் என்று சொல்வோர் உண்டு. அது அவசரக் கணக்கு. ஆயுதக் கப்பல்கள் நடுக்கடலிலே மூழ்கடிக்கப்பட்டன, 2006-இலே கனடாவும் ஐரோப்பிய யூனியனும் தடை போட்டன, இலங்கை ராணுவத்தின் ஆள்பலம் பெருகியது. எல்லாம் சேர்ந்துதான். ஆனால் 2004 மார்ச்சிலே மட்டக்களப்புக்கு ஒரு சமரசத் தூதுக்குழுவை அனுப்பியிருந்தால், கிழக்குக்கு நிர்வாகத்திலே உரிய பங்கு தருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கருணாவையே நீக்கினாலும் அவருக்குப் பின்னால் நின்ற ஆயிரக்கணக்கானோரில் பெரும்பகுதி தங்கியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அப்படிச் செய்கிற பழக்கம் அந்த இயக்கத்துக்கு 1980 முதலே இல்லை.

பிரிந்து போனவர்களும் சேர்ந்து இருக்கவில்லை. கருணா தொடங்கிய தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி 2007-இலேயே இரண்டாகி, பிள்ளையான் என்ற சந்திரகாந்தன் கைக்குப் போனது. அந்த நவம்பரிலே கருணா போலிப் பெயரில் எடுத்த கடவுச்சீட்டோடு லண்டனிலே பிடிபட்டுச் சிறையிலே இருந்தார். அவர் உள்ளே இருக்கும்போதே 2008 மே மாதம் பிள்ளையான் கிழக்கு மாகாணத்தின் முதலாவது முதலமைச்சரானார். வடக்கும் கிழக்கும் ஒன்று என்று கேட்டுத்தான் இத்தனையும் தொடங்கியது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீதிமன்றத் தீர்ப்பால் 2007 தொடக்கத்திலிருந்து அவை தனித்தனி மாகாணங்கள். திரும்பி வந்த கருணா 2009 மார்ச்சிலே மஹிந்த ராஜபக்ச அரசிலே மந்திரியானார்.

துப்பாக்கி ஓய்ந்து பதினொரு வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலிலே அம்பாறை மாவட்டத்தில் கருணா ஒரு கட்சியிலே நின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிரே நின்றது. தமிழர் சிறுபான்மையாக இருக்கிற மாவட்டம், ஓட்டு சிதறாமல் விழுந்தால்தான் ஓர் இடமாவது கிடைக்கும். இரண்டு பேரும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் ஐம்பதாயிரத்துக்கு மேலே. தனித்தனியாக யாருக்கும் ஓர் ஆசனம்கூட வரவில்லை. கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த ஒரே தேசியப்பட்டியல் இடத்தைக் கொடுத்துத்தான் அம்பாறைத் தமிழருக்கு ஒரு பிரதிநிதி கிடைத்தார்.